விரக்தியுற்ற காந்தங்களுக்கு எத்தனை கிரவுண்டு?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டுக்கு மும்முனை மின்சாரம் வேண்டுமென்றால் முதலில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். உங்களுக்கு மின்சாரம் கிடைப்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை என்று, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அலுவலகம் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் ஊரில் அப்படி வருத்தப்படுவதற்கென்றே ஓர் அலுவலகம் மாடியில் இயங்குகிறது. தொழிற்பேட்டை இடவசதி மற்றும் இணக்கச் சான்று அலுவலகம். பலகையைப் படித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு இடைவேளை வந்துவிடும்.

அதற்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். வரதன் என்று பெயர். மனுவும் எழுதித் தருவேன். இருபது வருடத்தில் நான் எழுதிய மனு ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. உள்ளே போனவை எல்லாம் உள்ளேயேதான் இருக்கின்றன.

புரட்டாசி மாதம் ஒருநாள் நர்மதா என் கடைக்கு வந்தாள். கவரைப்பேட்டைப் பெண், பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கையில் ஊறுகாய் பாட்டில் அளவுக்கு ஒரு கண்ணாடி பாட்டில். அதற்குள் நீல நிறத்தில் சின்னச் சின்ன மணிகள், மணிகளுக்கு நடுவே துவரம்பருப்பு அளவில் ஒரு பச்சைக் கல்.

"இன்னாம்மா இது, மரகதமா?" என்றேன்.

"காந்தம் அண்ணா. பதினோரு மாசமா நானே வளர்த்தேன். உலகத்துல இந்த ஒரு கல்லுதான் இருக்குது. காத்துல இருக்குற ஈரம் பட்டா கரைஞ்சிடும். அதுக்குத்தான் இந்த மணி. ஈரத்த இது குடிச்சுக்கும். நீலமா இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம், ரோஸ் ஆயிடுச்சுன்னா ஈரம் உள்ள பூந்துடுச்சுன்னு அர்த்தம்."

"அப்ப வேற மணி மாத்திட வேண்டியதுதானே?"

"மாத்தணும்னா மூடியத் திறக்கணும். திறந்தா ஈரம் பூந்துடும்."

இந்தப் பெண் அரசு வேலைக்குப் போயிருக்கலாமே என்று அப்போதே தோன்றியது.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்க்கும் நிறுவனம் கல்லைக் குளிர வைக்கும் யந்திரத்தைக் கொடுத்துவிட்டது, வைக்க இடம் கொடுக்கவில்லை. ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் சாம்சனின் ஷெட்டில் பாதியை அவள் வாடகைக்கு எடுத்து யந்திரத்தை இறக்கிவிட்டாள். அது மும்முனை மின்சாரம் கேட்கிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கல்லை அதில் வைத்து அளந்தாக வேண்டும். மழை வந்தால் காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வரும் கடல் காற்றே போதும், கல் போய்விடும். கல்லோடு அவளுடைய பதினோரு மாதமும் போய்விடும்.

"இன்னா அளக்கப் போற?"

அவள் என் மேசையிலிருந்த மூன்று ரப்பர் ஸ்டாம்புகளை எடுத்து முக்கோணமாக வைத்தாள்.

"மூணு பேரு இப்டி உக்காந்துக்கினு இருக்காங்க. பக்கத்துல இருக்குறவங்களுக்கு எதிராத்தான் இருப்பேன்னு ஒவ்வொருத்தருக்கும் பிடிவாதம். இவரு மேல பார்த்தா இவரு கீழ பார்ப்பாரு. இந்த மூணாவது ஆளு?"

"எங்க பார்த்தாலும் யாராவது ஒருத்தர் கூட சேர்ந்துட்ட மாதிரி ஆயிடுமே."

"அதுதாண்ணா ஃபிரஸ்ட்ரேஷன். இந்தக் கல்லுக்குள்ள தட்டையா விரிச்ச மாதிரி இப்டி லட்சக்கணக்கான முக்கோணம். சாதாரணக் காந்தத்த நல்லா குளிர வெச்சா எல்லாம் வரிசைல நின்னுடும். அத ஆர்டர்னு சொல்லுவோம். இந்த ஜாதில சிலது எவ்ளோ குளிர்ல போட்டாலும் ஆர்டருக்கு வராது. ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கினு அலைஞ்சுக்கினே இருக்கும். அது பேரு ஸ்பின் லிக்விட்."

"தண்ணியா?"

"கல்லு கல்லாவேதான் இருக்கும். உள்ள இருக்குற குட்டிக் காந்தங்களோட திசை, ஸ்பின்னுன்னு சொல்லுவோம், அதுங்கதான் தண்ணி மாதிரி. என் கல்லு ஆர்டருக்கு வருமா, லிக்விடா அலையுமா? அதான் கேள்வி."

நான் எதிர் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு மனுவைத் தட்ட ஆரம்பித்தேன்.

இங்கேதான் என் பங்கு வருகிறது. மனு தமிழில் இருக்க வேண்டும். ஃபிரஸ்ட்ரேட்டட் என்பதை 'விரக்தியுற்ற' என்று போட்டேன். கிரவுண்டு ஸ்டேட் என்பதற்கு அவள் 'தாழ்நிலை' என்று சொன்னாள். ஆற்றல் மிகத் தாழ்ந்து அடங்கிய நிலையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, தாழ்நிலைன்னு எழுதினா தாழ்வான நிலம், ஏரிப் புறம்போக்குன்னு நினைச்சுத் தள்ளிடுவாங்க. அனுபவத்துல சொல்றேன். கிரவுண்டுன்னே இருக்கட்டும், கௌரவமா இருக்கும்."

அவள் தலையாட்டினாள். படித்தவர்கள் ஜெராக்ஸ் கடைக்காரனை நம்புவார்கள். கடைசியில் மனு இப்படி அமைந்தது: 'விரக்தியுற்ற இருபரிமாணக் குவாண்டம் காந்தங்களின் கிரவுண்டு ஸ்டேட் ஃபேஸ்கள் குறித்த ஆய்வுக்கு மும்முனை மின்சாரம் வேண்டி.' கல் லிக்விடா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதைத் தனியாக ஓர் இணைப்பில் சேர்த்தோம். எனக்கு மிகவும் பிடித்துப்போய் இரண்டு பிரதி கூடுதலாக எடுத்தேன்.

மாடியில் மூன்று பிரிவுகள். 'ஏ' பிரிவில் கிரேஸ் மேடம், 'பி' பிரிவில் முனுசாமி, 'சி' பிரிவில் சரவணகுமார். மூன்று மேசையும் முக்கோணமாகப் போடப்பட்டிருக்கும். துணைக்கு நானும் போனேன்.

கிரேஸ் மேடம் நல்ல மனுஷி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"விரக்தி யாருக்கும்மா? உனக்கா?"

"காந்தத்துக்கு மேடம்."

"பாவம். எத்தனை கிரவுண்டு?"

"மேடம், கிரவுண்டு ஸ்டேட் ஒண்ணா, நிறைய இருக்குதான்றதுதான் ஆராய்ச்சியே."

மேடம் எழுதிக்கொண்டார்: 'கிரவுண்டுகளின் எண்ணிக்கை விண்ணப்பதாரருக்கே தெரியவில்லை.'

"ஃபேஸ் எத்தனை?"

"மூணு இருக்கலாம். கரண்டோட ஃபேஸ் கேக்குறீங்களா, காந்தத்தோட ஃபேஸ் கேக்குறீங்களா?"

"எதுவா இருந்தாலும் மூணுதானே, விடு. இருபரிமாணம்னா?"

"நீளமும் அகலமும் மட்டும்தான் மேடம். உயரம் கணக்குல வராது."

கிரேஸ் மேடத்தின் முகம் தெளிந்தது. மனை அளக்கும் கிரவுண்டு இருக்கிறது, ஃபேஸ் இருக்கிறது, நீளம் அகலம் இருக்கிறது, உயரம் இல்லை. சென்னையைச் சுற்றி நாற்பது மைலுக்குள் பிறந்த எந்த மனிதருக்கும் இது என்னவென்று புரியும். அவர் கோப்பின் மேல் 'மனைப்பிரிவு' என்று எழுதி, கீழே 'பரிந்துரைக்கலாம்' என்று கையெழுத்திட்டார். மேல் வரியை நாங்கள் கவனிக்கவில்லை. கீழ் வரியைப் பார்த்து நர்மதா கைகூப்பினாள்.

முனுசாமி கோப்பை வாங்கினார், படிக்கவில்லை, 'பரிந்துரைக்கக் கூடாது' என்று எழுதினார்.

"ஏன் சார்?" என்றாள் நர்மதா.

"மேடம் கூடும்னு எழுதிட்டாங்கோ. அதனால நான் கூடாதுன்னு எழுதணும். உம்மேல எனக்கு இன்னா கோவம்? நாஷ்டா துன்னியா?"

பிறகுதான் காரணம் சொன்னார். பல வருடங்களுக்கு முன் ஒரு தணிக்கையில், மூன்று பிரிவும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதே, இது கூட்டுச் சதி இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து விதி: ஒவ்வொரு பிரிவும் மற்ற இரு பிரிவுகளுக்கும் மாறுபட்ட குறிப்பையே எழுத வேண்டும்.

கோப்பு சரவணகுமாரிடம் போனது. அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் கோப்புகள்.

"பதினோரு வருசமா இந்த சீட்டுல இருக்கேன்" என்றார் அவர். "சோம்பேறின்னு பேரு. கூடும்னு எழுதினா மேடம் கூடச் சேர்ந்துட்டேன்னு ஆயிடும், கூடாதுன்னு எழுதினா முனுசாமி சார் கூட. ரெண்டுக்கும் எதிரா மூணாவது பதில் இருந்தா சொல்லும்மா, இப்பவே எழுதுறேன். ஊட்ல கூட இன்னா குழம்புன்னு கேட்டா வாய் வர மாட்டேங்குது."

நர்மதா அவரையே உற்றுப் பார்த்தாள். மூன்று மேசைகளையும் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"சார், பதினோரு மாசம் இந்தக் கல்ல வளர்த்ததுக்கு நேரா இங்க வந்திருக்கலாம். நீங்கதான் சார் என் மூணாவது ஸ்பின்!"

சரவணகுமார் கண் கலங்கினார். அத்தனை வருடத்தில் அவரைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்.

புரிந்துகொண்டதில் கோப்பு நகர்ந்துவிடுமா? மூன்று வாரம் அங்கேயே கிடந்தது. பாட்டிலின் அடியில் நாலைந்து மணிகள் வெளிறத் தொடங்கின. நர்மதா தினமும் என் கடை வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள். கடைசியில் உதவி இயக்குநர் தணிகாசலத்தைப் பார்ப்பதென்று முடிவானது.

அந்தச் சமயம் எங்கள் வட்டாரத்தில் குவாண்டம் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. வேப்பம்பட்டில் குவாண்டம் டியூஷன் சென்டர், வள்ளூரில் குவாண்டம் டிபன் சென்டர். சாம்சன் ஒரு வாரத்தில் பதினாலு குவாண்டம் போர்டு அடித்தான். "ஸ்பெல்லிங் தப்பா இருந்தாலும் பரவால்ல நைனா, குவா பெருசா இருந்தா போதும்னு சொல்றாங்கோ" என்பான். தணிகாசலம் அவர்களும் முழங்கால் வலிக்காகக் கையில் குவாண்டம் காப்பு அணிந்திருந்தார்.

"குவாண்டம்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். "முதல்லயே சொல்லக் கூடாதா? குவாண்டம்னாலே முன்னுரிமைதான். ஆனா இந்த விரக்திதான் இடிக்குது. நம்ம எல்லைக்குள்ள ஒரு பொருள் விரக்தியில இருக்குதுன்னா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

"சார், அது மனசு விரக்தி இல்ல சார். எதிரெதிரா இருக்க முடியாததால—"

"எல்லா விரக்தியும் அதனாலதாம்மா. எங்க, காட்டு."

நர்மதா பாட்டிலைக் காட்டினாள். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மூடின பொருளுக்குச் சான்று தர விதியில இடமில்ல. நேரடி ஆய்வு பண்ணணும்."

"சார், திறக்காதீங்க சார்!"

திறந்துவிட்டார். நர்மதா பாய்ந்து பிடுங்குவதற்குள் மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, கல்லைப் பார்த்து அன்பாக, "எதா இருந்தாலும் மனசு விட்டுச் சொல்லு" என்றும் சொல்லிவிட்டார். வெளியே அன்றைக்கு முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

மூடியதும் பார்த்தோம். மணிகளில் பாதி ரோஸ். நர்மதா மூடியை இன்னும் இறுக்கித் திருகினாள். பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். அப்படியும் நான் வெளியே வரும்போது சாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வந்தேன். கடை அங்கேதானே இருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மூன்று மேசைகளுக்கு நடுவில் போய் நின்றாள்.

"சரவணகுமார் சார், மூணாவது பதில் இருக்குது. முக்கோணத்துல எதிரெதிரா நிக்க முடியலன்னா சில காந்தம் இன்னா பண்ணும் தெரியுமா? மூணும் ஆளுக்குக் கொஞ்சம் சாஞ்சுக்கும். ஒருத்தரும் முழுசா ஜெயிக்க மாட்டாங்க, ஒருத்தரும் முழுசா தோக்க மாட்டாங்க. அதுவும் ஒரு ஆர்டர்தான் சார். கூடும்னும் எழுதாதீங்க, கூடாதுன்னும் எழுதாதீங்க. சாஞ்சாப்ல எழுதுங்க."

சரவணகுமார் பேனாவின் மூடியைக் கழற்றினார். பதினோரு வருடத்தில் முதல் குறிப்பு எழுதினார்: 'பரிந்துரைக்கலாமெனினும், பரிந்துரைக்காமலிருக்கவும் தடையேதுமில்லை.'

முனுசாமி அதை இரண்டு தரம் படித்தார். பிறகு தன் குறிப்பை அடித்துவிட்டு, 'கூடாதென்பது முடிந்த முடிபன்று' என்று எழுதினார். கிரேஸ் மேடம் 'பரிந்துரைக்கலாம், பார்க்கலாம்' என்று திருத்தினார். மூன்று குறிப்பும் ஒன்றுக்கொன்று வேறு, ஒன்றையொன்று மறுக்கவும் இல்லை. விதியில் ஓட்டை விழவில்லை, கோப்பு மட்டும் விழுந்து எழுந்து உதவி இயக்குநரின் அறைக்குள் போனது. அந்தக் கட்டடத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. முனுசாமி எல்லோருக்கும் டீ சொன்னார்.

நாலாம் நாள் ஆர்டர் வந்தது. நர்மதா மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்து என் கடையில் வைத்து உறையைப் பிரித்தாள். பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன், பிறகு அந்த நகலை வாசித்தேன்.

'பொருள்: குவாண்டம் நகர் மனைப்பிரிவு – இருபரிமாண கிரவுண்டுகள் – ஃபேஸ் 1, 2, 3 – அனுமதி வழங்கி ஆணையிடப்படுகிறது. விரக்தி என்னும் சொல் மங்களகரமாக இல்லாமையால் நீக்கப்படுகிறது. காந்தங்களை மனைதாரர்கள் தத்தம் செலவில் அப்புறப்படுத்திக்கொள்ள வேண்டும். காலி மனை என்பதால் மின்சாரம் தேவையெழவில்லை.'

மனையிடம் என்று குறிப்பிட்டிருந்தது, சாம்சன் ஷெட்டுக்குப் பின்பக்கத்துச் சர்வே எண்.

நர்மதா துப்பட்டாவைப் பிரித்தாள். மணிகள் மொத்தமும் ரோஸ். நடுவில் கல் இருந்த இடத்தில் பச்சையாக ஒரு சொட்டு. பாட்டிலைச் சாய்த்தாள், சொட்டும் சாய்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேலே போய்க் காட்டினாள். தணிகாசலம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மனுவோட இணைப்புல நீங்க இன்னா எழுதியிருந்தீங்க? லிக்விடா இல்லையான்னு கண்டுபிடிக்கணும்னு. இதோ, லிக்விட்! கரண்டே இல்லாம முடிச்சுட்டீங்களே!" என்று கைகொடுத்தார். அந்த மாத அறிக்கையில் 'ஆய்வு ஒன்று, நிறைவு ஒன்று, நிலுவை இல்லை' என்று போனது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் இந்த இடத்தில் அலுவலகத்தைத் திட்டுவார்கள். நானும் திட்டினேன். ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். அன்று ஜெராக்ஸ் எடுத்த பிறகு அசல் ஆர்டரை மெஷின் கண்ணாடி மேலேயே மறந்துவிட்டேன். ஆதார் நகல் எடுக்க வந்த ஒரு புரமோட்டர் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரே வாரத்தில், 'குவாண்டம் நகர்! அரசு ஆணை பெற்றது! இருபரிமாண மனைகள்!' என்று ரோடு முழுக்க ஃபிளெக்ஸ். அடித்தவன் சாம்சன். கூட்டம் என்றால் கூட்டம். விரக்தி என்று மனு தட்டிய நான், கூடாது என்று எழுதிய முனுசாமி, போர்டு அடித்த சாம்சன், எல்லோரும் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றோம். அந்த வரிசையைத் தாண்டித்தான் நர்மதா யந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் அவளை நிறுத்தி என்ன கேட்டேன் தெரியுமா? "கார்னர் மனை கெடைக்குமாம்மா? ஆர்டர் உன் பேர்லதானே இருக்குது, ஒரு வார்த்தை சொல்லேன்." அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கார்த்திகையில் மழை விட்டதும் மனையைப் பார்க்கப் போனேன். சாம்சன் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கரைமேல் முனுசாமி நின்றுகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி சாம்சன். மூன்று பேர் கையிலும் ஒரே மனை எண்: ஃபேஸ் 2, பதினேழு. புரமோட்டரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எதிரே எங்கள் கிரவுண்டு ஏரியாகத் தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கு மட்டும் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"இது என்னுது" என்றார் முனுசாமி.

"இன்னா சார் பேஜாரு பண்ற, மொத டோக்கனே என்னுது" என்றான் சாம்சன்.

நான் இருவரையும் மறுத்தேன். மறுக்காவிட்டால் யாராவது ஒருவருடன் சேர்ந்துவிட்டதாகிவிடுமே! எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் நர்மதா. ஷெட்டில் விட்டுப்போன ஒரு ஸ்பானரை எடுக்க வந்திருக்கிறாள். எங்கள் மூவரின் சீட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"மூணு பேருக்கும் ஒரே மனையா?"

"ஆமா" என்றோம்.

"விட்டுக்குடுப்பீங்களா?"

"அதெப்படி?" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

"கொஞ்சம் சாஞ்சு போறது?"

மூவரும் அவரவர் சீட்டைத் திரும்பப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். அவள் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தாள். பதினோரு மாதக் குறிப்புகளுக்கு அடியில், முடிவு என்று எழுதிக் காலியாக விட்டிருந்த இடம் ஒன்று இருந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு முக்கோணமாக நின்ற எங்களை ஒருமுறை எண்ணிவிட்டு அதில் எழுதினாள்:

'கிரவுண்டு ஸ்டேட்: லிக்விட்.'